மூட்டைப்பூச்சி இல்லாத வீடு

மே 19

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய லாட்ஜை இடிக்கிறார்கள். சாமான்களை ஏலம் விட்டார்கள், போனேன். வந்திருந்த கூட்டம் முழுக்க டி.வி.யையும் ஏ.சி.யையும் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. மரத்தைத் தட்டிப் பார்த்து இது தேக்கு என்று சொல்லத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். இரண்டு கட்டில்கள் எடுத்தேன்.

ஒன்று மகள் மதிவதனிக்கு. ஆவணியில் வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு தஞ்சாவூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். உள் அறையை அவளுக்கென்று ஒழித்து வைத்திருக்கிறேன். அவளுடைய மாமியார் இந்திராணி அம்மாள், "எங்க வீட்லயே வசதி இருக்கே சம்பந்தி" என்று போனில் இரண்டு தடவை இழுத்தார். தரையில் டைல்ஸ் பதித்துவிட்டால் வசதி என்று நினைப்பவர்களிடம் என்ன பேச?

இன்னொரு கட்டிலை மாடி இடது போர்ஷன் அருள்தாஸுக்குக் கொடுத்தேன். அவன் பெண் குழந்தை பாயில்தான் படுக்கிறதாம். காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

கட்டில்கள் வாசலில் இறங்கியதும் சௌந்தரவல்லி, "யார் யாரோ படுத்த கட்டிலு. ரெண்டு நாள் வெயில்ல போட்டு, இடுக்கெல்லாம் வெந்நி ஊத்திட்டு உள்ள கொண்டாந்தா என்ன?" என்றாள். தேக்கில் வெந்நீர் ஊற்றச் சொல்கிற பெண்ணோடு முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

ஜூன் 8

அருள்தாஸ் காலையிலேயே கீழே வந்தான். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடி எடுத்துவருவது தொழில் பழக்கம் போலிருக்கிறது. மாத்திரை டப்பாவில் ஒரு மூட்டைப்பூச்சி.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பாப்பா கட்டில்ல இருந்துச்சு. ஆரம்பத்துலயே சொல்லிட்டா எல்லா போர்ஷனுக்கும் சேர்த்து மருந்து அடிச்சிரலாம்ல, அதான்."

எல்லா போர்ஷனுக்கும்! என் வீட்டுக்கும் சேர்த்து. முப்பத்தோரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். இந்த ஊரில் நான் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினால் ஓட்டல்காரர்கள் உள்ளே அண்டாவைக் கழுவ ஆரம்பிப்பார்கள். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் தினமும் டைரி எழுதுகிறேன். ஆபீஸில் டூர் டைரி எழுதிய கை, சும்மா இருக்கவில்லை. எனக்கு மூட்டைப்பூச்சி பற்றி ஒரு டப்பாக்காரன் பாடம் எடுக்கிறான்.

"இருபத்திரெண்டு வருஷமா இந்த வீட்ல ஒரு பூச்சி கெடையாது. ஆஸ்பத்திரியிலருந்து நீங்கதான் சட்டையில வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றேன். வாயடைத்துப் போனான். ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

மாடி இடது போர்ஷனுக்கு நானே மருந்து அடித்தேன். பரணில் கிடந்த பழைய ஸ்பிரேயரைத் துடைத்து, கடையில் கிடைத்த இரண்டு மருந்தையும் மண்ணெண்ணெயில் கலந்தேன். கடைக்காரன் கலக்கக் கூடாது என்றான். அவன் பத்தாவது ஃபெயில்.

அருள்தாஸின் மனைவி பிலோமினா மூக்கை மூடிக்கொண்டு, "சமைக்கிற எடத்துலயுமா சார்?" என்றாள். எறும்புக்கு ஒரு நியாயம், மூட்டைப்பூச்சிக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். என்ன அர்த்தத்தில் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் பேசாமல் போய்விட்டாள்.

ஜூன் 30

காலி செய்தார்கள். அந்தக் குழந்தை வண்டியில் ஏறும்போது கையை நீட்டி டாட்டா சொன்னது. முழங்கைக்குக் கீழே சிவப்பாகத் தடிப்புகள், மூன்று மூன்றாக வரிசை பிடித்து. ஏதாவது தின்று ஒவ்வாமையாக இருக்கும்.

கட்டிலைக் கீழே இறக்கி வார்னிஷ் அடித்தேன். பளபளவென்று இருக்கிறது. அதையும் உள் அறையில் மதியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். பிரசவத்துக்கு வருகிறவளுக்குத் துணைக்கு ஆள் படுக்க வேண்டாமா? அதுவரை நானே அதில் படுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 17

ஆடி ஒன்று. இனி ஒரு மாதத்துக்கு யாரும் வீடு மாற மாட்டார்கள். இடது போர்ஷன் பூட்டிக் கிடக்கிறது. ஒருவகையில் நல்லதுதான். அவன் விட்டுப்போன பூச்சி ஏதாவது மிச்சம் இருந்தாலும் கடிக்க ஆள் இல்லாமல் ஒரு மாதம் பட்டினி கிடந்து சாகும். மருந்துக்காரர்கள் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

ஜூலை 24

முதுகில் வேர்க்குரு. பவுடர் போட்டேன்.

ஜூலை 28

சௌந்தரவல்லி என் படுக்கை விரிப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

"இது வேர்க்குரு இல்லீங்க."

"பேனா மை" என்றேன்.

"படுத்துக்கிட்டா எழுதுறீங்க?"

பதில் சொல்லத் தகுந்த கேள்வி இல்லை. அவள் விரிப்பை வெந்நீரில் ஊறவைத்தாள். தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். உள் அறையில் காற்று வரவில்லை என்று காரணம் சொன்னாள். ஃபேன் நேற்றுதான் சர்வீஸ் செய்தது.

ஆகஸ்ட் 5

மாடி வலது போர்ஷன் கமலக்கண்ணன் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினான். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

"என்னப்பா, அடிக்கடி?"

"சும்மா சார். வெயில் படட்டும்னு."

இந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. துணிக்கடையில் சூப்பர்வைசர். முழுக்கை போட்டால் முதலாளி ஆகிவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அருள்தாஸ் மாதிரி இல்லை, இதுவரை ஒரு புகார் என்று படி இறங்கியதில்லை. குடியிருப்பவன் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19

ஆடி முடிந்ததும் இடது போர்ஷனைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், ஸ்விட்ச் போர்டின் ஓரத்தைப் பார்த்தாள், அப்புறம் மொபைலில் டார்ச் அடித்துக் கதவு நிலையின் இடுக்கைப் பார்த்தாள். "மூட்டைப்பூச்சி இருக்குமா அங்கிள்?" என்றாள். இந்தக் கேள்வி கேட்கிறவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 24

நாளை வளைகாப்பு. சீர் சாமான்கள் தயார். மதிக்கு மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை, நானே தேர்ந்தெடுத்தது. ஐந்து வகைச் சாதத்துக்கு சௌந்தரவல்லி விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். தட்டுகளை எல்லாம் உள் அறைக் கட்டிலில் பரப்பி வைத்தேன். சௌந்தரவல்லி கூடத்து மேஜை மேலேயே இருக்கட்டும் என்றாள். இந்த வீட்டிலேயே சுத்தமான இடம் மதியின் கட்டில்தான் என்றேன்.

திரும்பும்போது மதியும் காரில் இருப்பாள். பின் சீட்டில் அவளுக்கு ஒரு தலையணை போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 25

வளைகாப்பு நடந்தது. மதி வரவில்லை.

ஆகஸ்ட் 26

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் கூடம் நிறையப் பெண்கள். மதி மணையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். சீர்த் தட்டிலிருந்து எங்கள் புடவையை இந்திராணி அம்மாள் எடுத்துப் பிரித்து மதியின் தோளில் போர்த்தப் போனார். கை பாதியில் நின்றது. மாம்பழ நிறத்தில் ஒரு பழுப்புப் புள்ளி, ஜரிகை ஓரமாக நடந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். முந்தானையால் அதைப் பிடித்து நசுக்கினார். விரலை முகர்ந்து பார்த்தார். புடவையை அப்படியே சுருட்டி, வேலை செய்கிற பெண்ணிடம் கொடுத்து, "கொல்லையில வெயில்ல போடு" என்றார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"இது என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா சம்பந்தி? நீங்க பெரிய இன்ஸ்பெக்டரு."

"துணிக்கடையில இருந்து வந்திருக்கும். இப்பல்லாம் கடைக்காரன் எவனும் சுத்தம் பாக்குறதில்ல."

இதைச் சொல்லும்போது என் சட்டைக் கை மேலேறி இருந்தது. அந்த அம்மாள் என் மணிக்கட்டையே பார்த்தார். மூன்று தடிப்புகள், வரிசையாக. நான் கையை மடக்கிக்கொண்டேன்.

மதியும் பார்த்திருக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எத்தன நாளாப்பா?"

"என்னது?"

"அப்பா, சும்மா இருங்க. அம்மா கழுத்துலயும் இருக்கு. நான் இங்கயே இருக்கேன்."

"தலைப்பிரசவம் மாமியார் வீட்லயா? நாலு பேர் என்னம்மா நினைப்பாங்க?"

"பூச்சி கடிச்ச குழந்தையப் பாத்தா என்ன நினைப்பாங்கப்பா?"

கார் வல்லம் தாண்டியது. சௌந்தரவல்லி, "அன்னைக்கு அந்தத் தம்பி டப்பாவுல போட்டுக் கொண்டாந்து காமிச்சிச்சு" என்றாள். அவ்வளவுதான். பின் சீட்டில் தலையணை மட்டும் வந்தது. இந்திராணி அம்மாளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் நேற்று அவர் என்னை ஊர் முன்னால் சந்தி சிரிக்க வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செப்டம்பர் 1

சௌந்தரவல்லி பிலோமினாவுக்குப் போன் போட்டு, பூச்சி மருந்து அடிக்கும் ஷாகுல் என்பவரின் நம்பரை வாங்கியிருக்கிறாள். இருவரும் இத்தனை நாளும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஷாகுல் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் டார்ச், ஒரு பழைய ஏ.டி.எம். கார்டு. மாடிக்கு வழி காட்டினேன். "மொதல்ல உங்க வீடு சார்" என்றார்.

"நான் முப்பத்தோரு வருஷம் ஹெல்த் டிபார்ட்மென்ட்."

"சரிங்க சார். கட்டில் எங்க?"

என் கட்டிலைத் திருப்பிப் போட்டார். கால் சட்டத்தில் பொருந்துகிற இடுக்கில் கார்டை விட்டு இழுத்தார். நான் வார்னிஷ் அடித்ததெல்லாம் மேல்பக்கம்தான். உள்ளே வெள்ளை முட்டைகள், உரித்த தோல், கறுப்புப் புள்ளி, உயிரோடு ஒரு குடும்பமே. மதியின் கட்டிலிலும் அதே. சட்டத்தின் அடியில் பச்சைப் பெயின்டில் 14 என்று எழுதியிருந்தது. மற்றதில் 9.

"ரூம் நம்பரு. லாட்ஜ் கட்டிலா சார்?"

சௌந்தரவல்லி, "ஆமா தம்பி, மே மாசம் வாங்குனது" என்றாள். அவள் குரலில் ஒரு குத்தலும் இல்லை. இருந்திருக்கலாம்.

மண்ணெண்ணெய்க் கலவையைப் பற்றி விசாரித்தார். "அது பூச்சியக் கொல்லாது சார், வெரட்டும். வயர் பைப்பு வழியா அடுத்த போர்ஷனுக்குப் போயிரும்." ஒரு மாதம் பட்டினி போட்டதையும் சொன்னேன். அவர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். "ரத்தமில்லாம பல மாசம் தாங்கும் சார். பசிச்சா ஆள் இருக்குற எடத்த தேடிப் போகும்" என்றார், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. சிரித்திருந்தால் தேவலை.

பிறகு மாடி வலது போர்ஷன். கமலக்கண்ணன் கதவைத் திறந்து, ஷாகுலின் டார்ச்சைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டான். தோள் வரை கடி.

"எப்பருந்துப்பா?"

"ஜூலையிலருந்து சார்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்ன அருள் அண்ணன என்ன பண்ணீங்கன்னு பாத்தேன்ல சார். எம்பொண்டாட்டி மாசமா இருக்கா. வீட்டத் தூக்கிட்டு எங்க அலைய?"

இரண்டு மாதமாக ஒரு கர்ப்பிணி என் தலைக்கு மேலே பூச்சிக்கடியோடு இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கான ஏற்பாட்டை நான்தான் செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 2

பழைய குடித்தனக்காரர் வீட்டையும் பார்க்க வேண்டும், சாமானோடு போயிருக்கும் என்று ஷாகுல் சொல்லியிருந்தார். சௌந்தரவல்லியைப் பேசச் சொன்னேன். "நீங்களே பேசுங்க" என்று போனை என் முன்னால் வைத்துவிட்டுக் கீரை ஆயப் போனாள்.

அருள்தாஸ் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கட்டில் லாட்ஜில் எடுத்தது என்பதையும் சொன்னேன்.

"தெரியும் சார். அடியில நம்பர் இருந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் சார் வந்தேன். நீங்க எங்க சொல்லவிட்டீங்க?"

புது வீட்டுக்குப் போகும் முன்பே எல்லாத் துணியையும் வெந்நீரில் போட்டு, சாமான்களுக்கு மருந்தும் அடித்துவிட்டாராம். "பாப்பா கையில தழும்பு மட்டும் போகல" என்றார். வருத்தம் தெரிவித்தேன் என்று எழுத ஆசை. தகவல் தெரிவித்தேன், வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4

ஒரே நாளில் மூன்று போர்ஷனுக்கும் மருந்து. அதற்கு முன்னால் வீட்டுத் துணி முழுவதும் வெந்நீர், வெயில், இஸ்திரி, பிறகு பாலித்தீன் பையில் போட்டு முடிச்சு. கட்டில்களைப் பழைய சாமான்காரனுக்குப் போடலாம் என்றேன். "அப்ப அடுத்த வீட்டுப் புள்ள கடிபடும் சார்" என்றார் ஷாகுல். நானும் கமலக்கண்ணனும் அவற்றைக் கொல்லையில் வைத்துப் பிளந்து எரித்தோம். தேக்கு நன்றாக எரிகிறது. கமலக்கண்ணனின் மனைவியை அன்று முழுவதும் அவள் அக்கா வீட்டில் இருக்கச் சொல்லி ஷாகுல் அனுப்பியிருந்தார்.

செப்டம்பர் 18

இரண்டாவது மருந்து. முட்டைகள் பொரிந்திருக்கும் என்பதால் இது கட்டாயமாம். லாட்ஜ் சரக்கு என்பதால் மூன்றாவதும் வேண்டியிருக்கும் என்கிறார் ஷாகுல். கடைசிக் கடியிலிருந்து தொடர்ந்து முப்பது நாள் கடி இல்லாமல் இருந்தால்தான் வீடு சுத்தம் என்று கணக்கு. தினமும் காலையில் கையையும் காலையும் கண்ணாடியில் பார்த்துக் குறிக்க வேண்டும். ஊரையே ஆய்வு செய்தவன், இப்போது என்னையே ஆய்வு செய்கிறேன்.

அக்டோபர் 3

இடது காலில் ஒரு கடி. மூன்றாவது மருந்து அடித்தார்கள். முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அக்டோபர் 11

சௌந்தரவல்லி தஞ்சாவூர் போனாள். பிள்ளைப்பேற்றுக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மதி அழுதாளாம். இந்திராணி அம்மாள் போனில், "வெறுங்கையோட வாங்க அண்ணி. மாத்துப் புடவை, பாய், தலகாணி எல்லாம் எடுத்து வச்சிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட ஒற்றைப் புடவையில், போனையும் கண்ணாடியையும் மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மகளுக்கு ஒரு டப்பா பிரசவ லேகியம்கூட இந்த வீட்டிலிருந்து கொண்டுபோக முடியவில்லை.

"நீங்க சுத்தமானதும் வாங்க" என்றாள் படியில் நின்று. வீடு சுத்தமானதும் என்றுதான் சொல்ல நினைத்திருப்பாள்.

அக்டோபர் 31

தீபாவளி. கடி இல்லை.

நவம்பர் 2

பெண் குழந்தை. சுகப்பிரசவம். போனில் காட்டினார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை, என் கண்ணாடியும் சரியில்லை. காலையில் கடி இல்லை.

நவம்பர் 12

நாற்பது நாளாகக் கடி இல்லை. பதினேழாம் தேதி குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கிறார்கள். வரலாம் என்று மதியே சொல்லிவிட்டாள். புது வேட்டி சட்டை வாங்கி, பிரிக்காமல் பாலித்தீன் பையில் முடிந்து கதவில் மாட்டியிருக்கிறேன்.

நவம்பர் 17

காலை ஐந்தரைக்குக் குளித்தேன். கண்ணாடி முன் நின்றேன்.

வலது முழங்கைக்கிட்ட இரண்டு.

நாற்காலியில் உட்கார்ந்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. முழுக்கைச் சட்டை. துணி புதியது, பிரிக்காதது. தாத்தா எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆகிவிடும்? நேற்று மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன், அங்கே கொசு உண்டு. ஆறேகால் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இப்படியெல்லாம் யோசித்தவனைத்தான் நான் வாழ்நாள் முழுக்கத் துச்சமாகப் பார்த்திருக்கிறேன். ஓட்டல் பின்கட்டில், அண்டாவுக்குப் பின்னால், எத்தனை முகங்களில் இந்த யோசனையைப் பார்த்திருப்பேன்.

சௌந்தரவல்லிக்குப் போன் செய்தேன்.

"கெளம்பிட்டீங்களா? மதி ரெண்டு தடவ கேட்டுட்டா."

"இல்ல. ரெண்டு இருக்கு. முழங்கையில."

அவளுக்குப் பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டது.

"கொசுவா இருக்காதா?" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"கொசு இல்ல" என்றேன். "மாடியில அந்தப் பொண்ணுக்கும் இருக்கான்னு இப்பவே போய்க் கேக்குறேன். ஷாகுலுக்கும் சொல்லிர்றேன்."

"சரி" என்றாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

மாடிக்குப் போனேன். இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே கமலக்கண்ணனின் மனைவி கையை நீட்டிக் காட்டினாள்.

ஒன்பதரைக்குச் சௌந்தரவல்லியே கூப்பிட்டாள். படம் வேண்டாம், நெட் சரியில்லை, போனைத் தொட்டிலுக்குள் வைக்கிறேன், கேட்டுக்கோங்க என்றாள். முதலில் வளையல் சத்தம். பிறகு குழந்தை மூச்சு விடுகிற சத்தம், மிகப் பக்கத்தில். இந்திராணி அம்மாள் குனிந்து காதில் பெயரைச் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. சௌந்தரவல்லி என்று வைத்திருக்கிறார்கள்.